"ரெண்டு நிமிஷம்" என்று சொல்லி என் பிள்ளையை ரோட்டில் இறக்காதீர்கள்

இன்று காலை மணி 6.50. சிங்கப்பூரின் தெம்பனிஸ் பேட்டையில் வானம் இன்னும் வெளுக்கவில்லை. ஒன்பது வயது மகள் முன்னால், நான் அவள் பின்னால். இரண்டு சைக்கிளிலும் முன்விளக்கு, பின்விளக்கு எரிகிறது. பள்ளிக்கூடம் இன்னும் ஐந்து நிமிட தூரம்தான். காப்பிக்கடை வரிசையை ஒட்டிச் சிவப்பு நிறச் சைக்கிள் பாதை வளைகிற இடத்தில் அதே வெள்ளை வேன்.

சரிவில் ஏறி, பாதையை முழுசாக அடைத்துக்கொண்டு நிற்கிறது. பின்கதவு இரண்டும் விரியத் திறந்து கிடக்கின்றன. ஒரு கதவு பக்கத்து நடைபாதை வரைக்கும் நீட்டிக்கொண்டிருக்கிறது. கீழே காய்கறிக் கூடைகள், அவற்றுக்குப் பக்கத்தில் எண்ணெய் டின்கள். டபுள் சிக்னல் மட்டும் மினுக் மினுக்கென்று அடிக்கிறது. அந்த விளக்கைப் போட்டுவிட்டால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

வளைவில் திரும்பிய பிறகுதான் அவளுக்கு வேன் தெரிந்தது. பிரேக்கை அழுத்தினாள். சைக்கிள் நிற்கவில்லை. கதவில் முட்டிவிடாமல் இருக்க ஹேண்டிலை வலப்பக்கம் ஒடித்தாள். முன்சக்கரம் சரிவில் இறங்கி நேராக ரோட்டுக்குப் போய்விட்டது. பின்னால் பேருந்து. அந்த ஓட்டுநர் அடித்த பிரேக் சத்தம் இதை எழுதும்போதும் காதில் கேட்கிறது. பேருந்துக்கும் அவளுக்கும் நடுவே இரண்டு கை தூரம் இருந்திருக்கலாம், அவ்வளவுதான். முகம் தெரியாத அந்த ஓட்டுநர் நன்றாக இருக்கட்டும். அவர் கவனமாக வந்ததால் என் பிள்ளை இன்று பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாள்.

வேன்காரர் தமிழர்தான். ஐம்பத்தைந்து வயது இருக்கும். "என்ன அண்ணே இப்படி நிறுத்தியிருக்கீங்க, பிள்ளை ரோட்டுல போயிட்டா பாருங்க" என்றேன். "ரெண்டு நிமிஷம் தம்பி, சாமான் இறக்குறேன்ல. சைக்கிள்தானே, சுத்திப் போகவேண்டியதுதானே" என்றார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டே சொன்னார்.

சுற்றி எங்கே அண்ணே போவது? இடப்பக்கம் இருப்பது நடப்பவர்களுக்கு மட்டுமான பாதை. 2025 ஜூலை 1 முதல் அதில் சைக்கிள் ஓட்டினால் குற்றம். 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, சில நேரம் இரண்டும். வலப்பக்கம் ரோடு. அங்கே ஹெல்மெட் இல்லாமல் ஓட்டக்கூடாது. என் மகள் தினமும் போட்டுக்கொள்கிறாள். ஆனால் அதே பாதையில் வரும் பாதிப் பிள்ளைகள் போடுவதில்லை, ஏனென்றால் பாதையில் ஓட்டுவதற்கு அது கட்டாயமில்லை. அவர்கள் பெற்றோர் ரோட்டை நம்பி அனுப்பவில்லை, பாதையை நம்பித்தான் அனுப்புகிறார்கள். அந்த வேன் நிற்கிற இரண்டு நிமிடத்தில், அந்த வழியாக வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டே வழிதான் மிச்சம்: சட்டத்தை மீறு, இல்லாவிட்டால் பேருந்துக்கு முன்னால் இறங்கு. இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாமே என்பீர்கள். போகலாம், முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிந்தால். இருட்டில், வளைவுக்குப் பின்னால் நிற்கிற வண்டி யாருக்குத் தெரியும்?

எனக்கு ஆத்திரம் அதோடு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ரோட்டில் சைக்கிள் ஓட்டுகிறவன். முறைப்படி இடப்பக்கம் ஒதுங்கித்தான் போவேன். அப்போது பின்னால் வந்து ஹாரன் அடித்து, கண்ணாடியை இறக்கி, "உங்களுக்குத்தான் பாதை போட்டுக் கொடுத்திருக்காங்களே, அங்க போ!" என்று கத்துகிறவர்கள் யார்? இதே வேன், இதே லாரி, இதே கார் ஓட்டுநர்கள். சரி, பாதைக்குப் போனால் அங்கேயும் நீங்கள்தான் நிற்கிறீர்கள். ரோடும் உங்களுக்கு, பாதையும் உங்களுக்கு என்றால் நாங்கள் எங்கேதான் ஓட்டுவது?

உடனே வரிக்கதை வரும். "ரோட்டு வரி கட்டுறோம், லட்சம் வெள்ளிக்கு மேல போட்டு சிஓஇ எடுக்கிறோம், நீ என்ன கட்டுற?" சிஓஇ என்பது ஒரு வண்டியைப் பத்து வருடம் வைத்துக்கொள்ள வாங்குகிற உரிமை. அதற்கு எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் சைக்கிள் பாதை அதில் சேராது. சைக்கிளுக்கும் நம்பர் பிளேட் மாட்டு, லைசென்ஸ் கொடு என்றும் சொல்வார்கள். 2021ல் அரசு அமைத்த ஆலோசனைக் குழு அதையும் ஆராய்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றுதான் சொன்னது. அதே சமயம், எங்கள் பக்கத்துக்கு விதிகளை இறுக்கினார்கள். 2022 ஜனவரி முதல் சிவப்பு விளக்கை மீறும் சைக்கிளோட்டிக்கு அபராதம் 75 வெள்ளியிலிருந்து 150 வெள்ளி. வரிசையாகப் போனால் ஐந்து பேர், இரண்டிரண்டாகப் போனால் பத்துப் பேருக்கு மேல் கூடாது. நான் எதிர்க்கவில்லை. சிவப்பு விளக்கில் பறக்கிற, நடைபாதையில் ஆண்ட்டிகளை மிரட்டிக்கொண்டு போகிற எங்கள் ஆட்களைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான். அதே விதிப் புத்தகத்தில் சைக்கிளை முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடச் சொல்லியிருக்கிறதே, அதை எத்தனை பேர் விடுகிறீர்கள்?

நான் புகார் கொடுக்காமல் இல்லை. மூன்று முறை படம் எடுத்து அனுப்பினேன். "உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. ஒரு நாள் அதிகாரிகள் வந்தார்களாம், காப்பிக்கடை அங்கிள் சொன்னார். நான்கு நாள் பாதை காலியாக இருந்தது. ஐந்தாம் நாள் வேன் திரும்ப வந்துவிட்டது. வேன் இல்லாத நாளில் வீடு புதுப்பிக்கிறவர்களின் லாரி, அது இல்லாவிட்டால் மரம் வெட்ட வந்த லாரி.

2030க்குள் தீவு முழுக்கச் சுமார் 1,300 கிலோமீட்டர் சைக்கிள் பாதை வரப்போகிறது. வரட்டும், சந்தோஷம். தெம்பனிஸ் இந்த விஷயத்தில் முன்னோடிப் பேட்டை. நடைபாதையில் சைக்கிள் ஓட்ட முதலில் அனுமதித்தது இங்கேதான், 2010ல். அப்படிப்பட்ட ஊரிலேயே ஒரு வேன் நீளத்துக்கு வழி கிடைக்கவில்லை என்றால் 1,300 கிலோமீட்டர் போட்டு என்ன பயன்? பாதை ஒரே ஒரு இடத்தில் அறுந்தாலும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது பாதையே இல்லை.

அந்த அண்ணனின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. நானும் இரண்டு வருடம் சாமான் ஏற்றி இறக்கியவன். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி, ஏழு கடைக்குப் போட்டு, எட்டாவது கடைக்காரர் "லேட்டு" என்று திட்டுவதையும் வாங்கிக் கட்டிக்கொண்டு நிற்கிற வேலை அது. இடுப்பு விட்டுப்போகும். அதனால்தான் இன்று சாயங்காலம் நானே போய் நடந்து பார்த்தேன். வேன் நின்ற இடத்திலிருந்து புளோக்குக்குப் பின்னால் இருக்கிற கார்பார்க்குக்கு அறுபத்திரண்டு எட்டு. மேடு பள்ளம் இல்லை, டிராலி தள்ளிக்கொண்டு வரலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார்பார்க்கில் முதல் பத்து நிமிடத்துக்குக் காசு கிடையாது. இரண்டு நிமிட வேலை என்றால் ஒரு காசு செலவில்லாமல் ஐந்து தடவை முடித்துவிடலாம். அறுபத்திரண்டு எட்டு நடக்கச் சோம்பல்பட்டுத்தான் என் பிள்ளை பேருந்துக்கு முன்னால் போனாள் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இனிமேல் பேருந்திலேயே அனுப்பிவிடலாம் என்கிறாள் என் மனைவி. பயந்துபோயிருக்கிறாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு, முன்சக்கரத்தில் பட்ட கீறலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நாளைக் காலை 6.50க்கு நாங்கள் சைக்கிளில்தான் வருவோம். அண்ணே, வேனைப் பின்னால் நிறுத்துங்கள்.