டெல்லி ரிட்ஜும் சீமைக்கருவேலமும்

டெல்லியில் ரிட்ஜ் என்ற பாறைக் குன்றுக்காடு பற்றி ஏதாவது செய்தி வந்தால் போதும். "ஆதிகாலக் காட்டை அழிக்கிறார்கள்" என்று ஒரு கூட்டம் கிளம்பும், "வெறும் சீமைக்கருவேலம்தானே, போனால் போகட்டும்" என்று இன்னொரு கூட்டம். ரெண்டு தரப்பும் பாதி வரலாற்றைத்தான் பேசுகிறது.

ரிட்ஜ் என்பது ஆரவல்லி மலைத்தொடரின் வடக்கு வால். பாறை கெட்டியான குவார்ட்சைட், வயது நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல். அதன்மேல் நிற்கும் காட்டுக்கு அந்த வயது கிடையாது. 14-ஆம் நூற்றாண்டில் டெல்லி சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் இங்கே வேட்டை மாளிகைகள் கட்டினார். மால்ச்சா மஹால் அதில் ஒன்று, இன்றும் நிற்கிறது. வேட்டைக்குப் போகிற அளவுக்கு அன்று புதர்க்காடு இருந்திருக்கிறது. பிறகு விறகும் மேய்ச்சலும் கல்லுடைப்புமாக அது தேய்ந்துகொண்டே வந்தது. 1857 ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆங்கிலேயப் படை வடக்கு ரிட்ஜில் பாளையமிட்டு நகரத்தை முற்றுகையிட்டது. அடுத்த ஆண்டு புகைப்படக்காரர் ஃபெலிஸ் பியாட்டோ எடுத்த படங்களைப் பாருங்கள். ஏறக்குறைய மொட்டைப் பாறைதான்.

1911-ல் தலைநகரம் டெல்லிக்கு வருவதாக அறிவித்ததும் நிலைமை மாறியது. ரெய்சினா குன்றில் எழப்போகும் வைஸ்ராய் மாளிகைக்குப் பின்னால் பச்சைத் திரை வேண்டும் என்றார்கள். 1913-ல் மத்திய ரிட்ஜ் காப்புக்காடு ஆனது. மேய்ச்சலை நிறுத்தி நடவு தொடங்கினார்கள். தோட்டக்கலைப் பொறுப்பிலிருந்த மஸ்டோ சில ஆண்டுகளிலேயே ஒரு மெக்சிகோ பக்கத்து மரத்தைக் கொண்டுவந்தார். பாறையிடுக்கிலும் பிழைக்கும், ஆடு இலையைத் தொடாது, ரெண்டு மழையில் தலைக்கு மேல் வளர்ந்துவிடும். டெல்லிக்காரர்கள் விலாயதி கீகர் என்பார்கள். நமக்கு அது சீமைக்கருவேலம், அறிமுகமே தேவையில்லை.

அங்கே இயல்பாக இருக்க வேண்டியவை வேறு. பாறைச் சரிவில் தௌ (நம்மூர் வெக்காலியின் உறவு), கொஞ்சம் மண் இருந்தால் வெள்வேலம், கருங்காலி, இலந்தை, தாழ்வான இடத்தில் புரசு, இடையிடையே கைர் புதர், மிச்சமெல்லாம் புல். தௌ வேடிக்கையான மரம். ஆடு கடிக்கிற வரை தரையோடு தரையாகப் பாய்போலப் படர்ந்து கிடக்கும். வேலி போட்டுவிட்டால் எழுந்து மரமாகிவிடும். ஆனால் விதையில் பெரும்பாலானவை முளைக்காது, அதனால்தான் நர்சரிகளில் எளிதில் கிடைப்பதில்லை. கிடைப்பதை நடுகிற வழக்கத்தில் வேம்பும் புங்கனும் பாறையில் போய் உட்கார்ந்துகொள்கின்றன.

சீமைக்கருவேலத்தை ஜேசிபி வைத்து ஒரே மூச்சில் பிடுங்கலாமே என்கிறவர்களுக்கு: பிடுங்கலாம், மூன்று வருஷத்தில் இன்னும் அடர்த்தியாக வந்து நிற்கும். மண்ணில் வருஷக்கணக்கான விதை கிடக்கிறது. நீலான் (நீல்காய் என்கிற பெரிய மான்) காயைத் தின்று சாணத்தோடு போட்டதும் அதில் சேர்த்தி. மேலே நிழல் விலகி வெயில் விழுந்ததும் மொத்தமும் முளைக்கும். தரைமட்டத்தில் வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டுத் தண்டு துளிர்க்கும், ஏனென்றால் அதன் மொட்டுகள் மண்ணுக்குச் சற்றுக் கீழே வேர்க்கழுத்தில் இருக்கின்றன. கொல்ல வேண்டுமென்றால் ஓரடியாவது தோண்டி அந்தக் கழுத்தோடு எடுக்க வேண்டும். பாறையில் அது நடக்கிற காரியமா? காலியான இடத்தை உண்ணிச்செடி பிடித்துக்கொள்வது தனிக்கதை.

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு குழு ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவில் வேறு வழி காட்டியது. வசந்த் விஹார் பக்கம் சுரங்கம் தோண்டிப் பாழாக்கிய சுமார் 690 ஏக்கர் அது. சீமைக்கருவேலத்தின் கீழ்க்கிளைகளை மட்டும் கழித்து மேல் கவிகையை, அதாவது உச்சித் தழையை, விட்டுவிடுவார்கள். இறங்குகிற வெளிச்சத்தில் புல்லும் உள்ளூர்ச் செடிகளும் ஏறும். அவை உயர்ந்து மேலே நிழல் கட்டும்போது, வெயில்விரும்பியான சீமைக்கருவேலம் தானாகவே நோஞ்சானாகும். பத்து வருஷத்துக்குக் குறையாத வேலை. அமைச்சர் கையால் நட்டுப் படம் எடுக்க இதில் ஒன்றும் இல்லை.

நடவிலும் நுணுக்கம் உண்டு. குழியை மே மாதத்திலேயே வெட்டிப் போட வேண்டும், ஒன்றரை அடி ஆழம் போதும். சரிவின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் கல்வரப்பு. ஜூலையில் முதல் நல்ல மழைக்குப் பிறகு நடவு. செப்டம்பரோடு மழை முடிந்துவிடும், தாமதித்து நட்டால் வேர் இறங்காமலே அடுத்த கோடையின் 45 டிகிரியில் கருகும். ஆளுயரக் கன்று வேண்டும் என்று டெண்டரில் எழுதுகிறார்களே, அதுதான் பெரிய கோளாறு. பையில் ரெண்டு வருஷம் கிடந்த கன்றின் ஆணிவேர் சுருண்டிருக்கும், பாறை வெடிப்புக்குள் போகாது. முழங்கால் உயரக் கன்றே பிழைக்கும். இன்னொன்று, புல்வெளியைக் 'காலி இடம்' என்று நினைத்துக் கன்று நடாதீர்கள். அதுவும் ரிட்ஜின் பகுதி.

சட்டப் பக்கம் இதைவிட மோசம். 1994 மே மாதம் சுமார் 7,777 ஹெக்டேரை இந்திய வனச்சட்டத்தின் 4-ஆம் பிரிவில் அறிவித்தார்கள். அது எண்ணத்தைச் சொல்லும் அறிவிப்பு மட்டுமே. எல்லை அளந்து, உரிமைக் கோரிக்கைகளை விசாரித்து, 20-ஆம் பிரிவில் இறுதி செய்தால்தான் முழுமையான காப்புக்காடு. 2024 வரைக்கும் பெரும்பகுதிக்கு அது நடக்கவில்லை. ரிட்ஜுக்குள் சுவர்களும் பண்ணை வீடுகளும் எழுந்தது இந்த இடைவெளியில்தான்.

அதே 2024 பிப்ரவரியில் தெற்கு ரிட்ஜில், துணை ராணுவ மருத்துவமனைக்குச் சாலையை அகலப்படுத்த, உச்ச நீதிமன்ற அனுமதி இல்லாமல் சுமார் 1,100 மரங்களை வெட்டினார்கள். 2025 மே மாதம் நீதிமன்றம் அதை அவமதிப்பு என்று சொல்லி டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) அதிகாரிகளுக்குத் தலா 25,000 ரூபாய் கட்டணம் விதித்தது. ஈடாக 185 ஏக்கரில் மரம் வளர்க்கவும் உத்தரவு. அந்த 185 ஏக்கரில் எத்தனை கன்று நட்டார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். என்ன இனம், எந்த மாதம், மூன்றாவது கோடையில் எத்தனை மிச்சம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.