இந்தச் சாறு எல்லோருக்கும் ஆகாது

குளிர்காலத்தில் சீன வீடுகளில் காய்ச்சும் டாங்குவெய் என்ற மூலிகை வேர், இஞ்சி, ஆட்டிறைச்சி சேர்ந்த சாற்றை யார் வேண்டுமானாலும் தினமும் குடிக்கலாம் என்று உங்கள் கட்டுரை சொல்வது சரியில்லை. பழங்காலச் சீனாவின் ஹான் அரசமரபுக் காலத்து மருத்துவர் சாங் சோங்சிங் இதைச் சொன்னது, குளிர்ச்சியால் வரும் வயிற்றுவலிக்கும் பிரசவத்துக்குப் பிந்தைய வயிற்றுவலிக்கும்தான். கைகால் சில்லிட்டுப் போகிறவர்களுக்கு உரிய சாறு இது. காய்ச்சல், தொண்டைவலி, நாக்கில் மஞ்சள் படிவு இருக்கும்போது குடித்தால் உள்வெப்பம் ஏறி நோய் முற்றும் என்பது சீன மருத்துவத்தின் கணக்கு.

அளவும் விடுபட்டிருக்கிறது. அரைக் கிலோ இறைச்சிக்கு இஞ்சி 30 கிராம், டாங்குவெய் 10 கிராம் போதும். வேர் கூடினால் கசக்கும். இறைச்சியைப் பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றி, ஒரு கொதி வந்ததும் நுரையோடு அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். கொதிநீரில் நேராகப் போட்டால் மேற்புறம் சட்டென இறுகிவிடும், உள்ளிருக்கும் இரத்தநீர் சரியாக வெளியேறாது, கவுச்சியும் முழுதாகப் போகாது. பிறகு புதுத் தண்ணீரில், சிறுதீயில் இரண்டு மணி நேரம். உப்பு இறக்கும்போதுதான்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்கு டாங்குவெய் இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். தயவுசெய்து இந்த எச்சரிக்கையைக் கட்டுரையிலேயே சேர்த்துவிடுங்கள்.