அந்த ஆட்டத்துக்குள் அரசியலைக் கொண்டுவந்தது யார்?

"விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்." எந்த விளையாட்டைப் பற்றி எழுதினாலும் கீழே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை என்றே நம்புகிறேன். ஆட்டத்தை ஆட்டமாக மட்டும் பார்க்க விடுங்களேன் என்கிற ஆசைதான் அது. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்கு 1963-இல் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பட்டம் வென்ற சிகாகோ லயோலா அணி நினைவுக்கு வந்துவிடும். அந்தக் கதையை எழுதிவிட வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2018-இல் இதே லயோலா அணி தேசியத் தொடரின் அரையிறுதி வரை வந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஆரவாரம் செய்த 98 வயதுக் கன்னியாஸ்திரி ஜீனை அப்போது உலகமே கொண்டாடியது. அந்தச் செய்திகளைத் தேடிப் படிக்கும்போதுதான் ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படம் கண்ணில் பட்டது. ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு கேப்டன்கள் கை குலுக்குகிறார்கள். ஒருவர் கருப்பர், இன்னொருவர் வெள்ளையர். அவ்வளவுதான் படம். அந்தக் கைகுலுக்கலைத் தடுக்க ஒரு மாநில அரசியலே முட்டி மோதியது என்பது பிறகுதான் தெரிந்தது.

சரி, முதலில் அணியைச் சொல்கிறேன். சென்னை லயோலாவைப் போலவே சிகாகோ லயோலாவும் இயேசு சபையினர் நடத்துவது. பயிற்சியாளர் ஜார்ஜ் அயர்லாண்ட். அந்தக் காலத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கருப்பின வீரர்களுக்கு மேல் களமிறக்கக் கூடாது என்று பயிற்சியாளர்களிடையே எழுதப்படாத ஒரு வழக்கம் இருந்தது. அயர்லாண்ட் அதைச் சட்டை செய்யவில்லை. அவருடைய முதல் ஐவரில் நான்கு பேர் கருப்பர்கள்: கேப்டன் ஜெர்ரி ஹார்க்னஸ், ரான் மில்லர், லெஸ் ஹன்டர், விக் ரௌஸ். ஐந்தாமவர் ஜான் ஈகன், சிகாகோவிலேயே வளர்ந்த வெள்ளையர். ஹார்க்னஸும் மில்லரும் நியூயார்க் பையன்கள், ஹன்டரும் ரௌஸும் நாஷ்வில்லில் ஒரே பள்ளியில் ஆடியவர்கள். அந்தப் பருவத்தில் நாட்டிலேயே சராசரியாக அதிகப் புள்ளி குவித்த அணி இதுதான். 31 ஆட்டங்களில் 29 வெற்றி. என்சிஏஏ எனப்படும் தேசியக் கல்லூரித் தொடரின் முதல் ஆட்டத்தில் டென்னசி டெக் அணியை 111-42 என்று வீழ்த்தினார்கள். அந்த 69 புள்ளி வித்தியாசத்தை அந்தத் தொடரில் இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

இப்படி ஆடியவர்களுக்குக் கிடைத்த மரியாதை என்ன தெரியுமா? ஹூஸ்டனில் ஆடப் போனபோது ரசிகர்கள் நிறத்தைச் சொல்லி வசைபாடினார்கள், கையில் கிடைத்ததை வீசினார்கள். ஹார்க்னஸுக்கு வெள்ளை நிறவெறிக் கும்பலான கு கிளக்ஸ் கிளானிடமிருந்து மிரட்டல் கடிதங்கள் வந்தன. கல்லூரி விடுதியில் உட்கார்ந்து அந்தக் கடிதங்களைப் பிரித்துப் படித்த பையனுக்கு அப்போது இருபது வயதைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கும்.

அடுத்த சுற்றில் எதிரணி மிசிசிப்பி ஸ்டேட், மிசிசிப்பி மாநிலத்தில் அப்போது வெள்ளையர்கள் மட்டுமே படித்த ஒரு கல்லூரி. அவர்களும் சாமானிய அணியல்ல, தங்கள் வட்டாரத்தின் சாம்பியன்கள். 1959, 1961, 1962 என்று முன்பே மூன்று முறை அதே பட்டத்தை வென்றிருந்தார்கள். மூன்று முறையும் தேசியத் தொடருக்குப் போகவில்லை. எதிரணியில் கருப்பர்கள் இருப்பார்கள் என்பதுதான் காரணம். கருப்பர்களோடு ஆடக் கூடாது என்று சட்டப் புத்தகத்தில் எதுவும் இல்லை. எல்லாரும் கட்டிக்காத்த வழக்கம் மட்டும்தான். 1959 அணி 25 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் தோற்றிருந்தது. அதன் நட்சத்திரம் பெய்லி ஹவல் பின்னாளில் பாஸ்டன் செல்டிக்ஸ் என்ற தொழில்முறை அணியில் இரண்டு முறை சாம்பியன் ஆனவர். அப்பேர்ப்பட்டவர் தன் கல்லூரிக்காக தேசியத் தொடரில் ஓர் ஆட்டம்கூட ஆட முடியவில்லை. நிறவெறி கருப்பர்களை எவ்வளவு கொடூரமாக நடத்தியது என்பதோடு ஒப்பிட்டால் இது சின்ன இழப்புதான், இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனாலும் 'நம் பண்பாட்டைக் காக்கிறோம்' என்று கிளம்பியவர்கள் சொந்தப் பிள்ளைகளின் வாழ்நாள் வாய்ப்பையும் சேர்த்தே பறித்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

1963-இல் கல்லூரித் தலைவர் கோல்வார்ட் துணிந்துவிட்டார். இந்த முறை அணி போகும் என்று அறிவித்தார். அது எப்பேர்ப்பட்ட நேரம் என்று பாருங்கள். ஜேம்ஸ் மெரடித் என்ற ஒரே ஒரு கருப்பின மாணவர் அதே மாநிலத்தில் வேறொரு கல்லூரியான மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் சேரப் போனதற்குக் கலவரம் வெடித்து இரண்டு பேர் இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆளுநர் ராஸ் பார்னெட் நிறப் பிரிவினையைக் கட்டிக்கொண்டு நின்றவர். அணி கிளம்புவதற்கு முந்தைய நாள் மாநில செனட்டர் ஒருவரும் முன்னாள் செனட்டர் ஒருவரும் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கினார்கள். பையன்கள் கூடைப்பந்து ஆடுவதற்குத் தடை!

ஆணை கைக்கு வந்துவிட்டால் மீற முடியாது. கைக்கு வராமல் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? பயிற்சியாளர் பேப் மெக்கார்த்தி அன்றிரவே காரில் மாநில எல்லையைத் தாண்டி டென்னசிக்குப் போய்விட்டார். கோல்வார்ட் அலபாமா பக்கம் போய்விட்டார். மறுநாள் காலையில் முதலில் உபரி வீரர்களை மட்டும் விமான நிலையத்துக்கு அனுப்பி, போலீஸ் நிற்கிறதா என்று ஆழம் பார்த்தார்கள். தடுக்க யாரும் வரவில்லை. அப்புறம்தான் முக்கிய வீரர்கள் வந்து விமானம் ஏறினார்கள். ஒரு பந்தைக் கூடையில் போடுவதற்காகச் சொந்த ஊரிலிருந்தே திருடர்களைப் போலக் கிளம்ப வேண்டியிருந்தது.

1963 மார்ச் 15, மிச்சிகன் மாநிலத்தின் ஈஸ்ட் லான்சிங். நடு வட்டத்தில் ஹார்க்னஸும் மிசிசிப்பி கேப்டன் ஜோ டான் கோல்டும் கை நீட்டினார்கள். சுற்றிலும் கேமரா பல்புகள் மின்னித் தள்ளின. அந்த வெளிச்சத்தில்தான், இது வெறும் ஓர் ஆட்டம் இல்லை என்று தனக்கு உறைத்ததாக ஹார்க்னஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆட்டத்தில் மிசிசிப்பிதான் முதல் 7 புள்ளிகளை எடுத்தது. பிறகு லயோலா சுதாரித்து 61-51 என்று ஜெயித்தது. எந்த அசம்பாவிதமும் இல்லை. இரண்டு அணிகள் ஆடின, ஒன்று ஜெயித்தது. இது நடந்துவிடக் கூடாதென்றுதான் அவ்வளவு பாடு.

இப்போது சொல்லுங்கள், அரசியலைக் கலந்தது யார்? ஹார்க்னஸ் எந்தக் கொடியையும் பிடிக்கவில்லை. கோல்ட் எந்த மேடையிலும் பேசவில்லை. இருவரும் கேட்டது ஆட ஓர் இடம். செனட்டர்களும் ஆளுநரும் நீதிமன்ற ஆணையும்தான் அரங்க வாசல்வரை அரசியலைக் கொண்டுவந்தார்கள். அதை மீறி உள்ளே வந்து ஆடியவர்களிடம் போய் 'அரசியல் பேசாதே' என்பது எந்த ஊர் நியாயம்?

அந்த ஒரு கைகுலுக்கலால் மிசிசிப்பி திருந்திவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று மாதத்துக்குள், ஜூன் 12 அன்று, அதே மாநிலத்தின் ஜாக்சன் நகரில் கருப்பர்களின் உரிமைக்காகப் போராடிய மெட்கர் எவர்ஸை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். மிசிசிப்பி ஸ்டேட் கல்லூரியில் முதல் கருப்பின மாணவர் சேர்ந்தது 1965-இல்தான்.

லயோலாவுக்கு இன்னும் வேலை மிச்சம் இருந்தது. இல்லினாய், டியூக் அணிகளைத் தாண்டி இறுதிக்கு வந்தார்கள். மார்ச் 23, லூயிவில். எதிரே சின்சினாட்டி, முந்தைய இரண்டு ஆண்டும் பட்டம் வென்ற அணி, நாட்டிலேயே எதிராளிக்கு மிகக் குறைவாகப் புள்ளி விட்டுக்கொடுத்த அணி. அவர்களுடைய முதல் ஐவரில் மூவர் கருப்பர்கள். ஆக, இறுதி ஆட்டத்தைத் தொடங்கிய பத்துப் பேரில் ஏழு பேர் கருப்பர்கள். முழுக்கக் கருப்பின ஐவரை இறக்கிப் பட்டம் வென்ற 1966 டெக்சஸ் வெஸ்டர்ன் அணியை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், வைத்திருக்கவும் வேண்டும். மூன்று வருடம் முன்பு நடந்த இந்த இறுதியை மறந்துவிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டாம் பாதியில் லயோலா 15 புள்ளி பின்தங்கியது. ஹார்க்னஸுக்கு வெகுநேரம் ஒரு கூடைகூட விழவில்லை. பெஞ்சிலிருந்து யாரையும் இறக்காமல் அதே ஐந்து பேரே கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பிடித்தார்கள். கடைசிச் சில நொடிகளில் ஹார்க்னஸ் போட்ட கூடை 54-54 என்று சமனாக்கியது. கூடுதல் நேரத்தில் 58-58. கடைசிப் பந்தை ஹார்க்னஸ் எடுத்துக்கொண்டு பாய்ந்தார். தானே எறிவார் என்று எல்லாரும் நினைக்க, ஹன்டருக்குக் கொடுத்தார். ஹன்டர் எறிந்தது வளையத்தில் பட்டு வெளியே வர, ரௌஸ் எகிறிப் பிடித்து உள்ளே போட்டார். 60-58. ஐந்து பேரும் 45 நிமிடமும் களத்தைவிட்டு இறங்கவே இல்லை. சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்திலிருந்து ஆண்கள் முதல் பிரிவில் என்சிஏஏ பட்டம் வென்ற ஒரே கல்லூரி இன்றும் லயோலாதான்.

அப்புறம் ஹார்க்னஸும் கோல்டும் நண்பர்களானார்கள். 2011-இல் கோல்ட் இறந்தபோது ஹார்க்னஸ் கென்டக்கிக்குப் போனார். சவப்பெட்டியின் அருகே குடும்பத்தார் ஒரு படத்தை வைத்திருந்தார்கள். 1963, ஈஸ்ட் லான்சிங், நடு வட்டம், இரண்டு கைகள்.