ஒரு கோப்பைக்கு விலை மூன்றாம் சுற்றுத் தேர்வா?

தீர்ப்பு வந்துவிட்டது, எல்லாரும் படித்திருப்பீர்கள். ஒரு பிட்சரை (பந்துவீச்சாளரை) வரம்பு தாண்டி ஐந்து ஆட்டங்களில் இறக்கிய சாம்பியன் அணிக்கு, அடுத்த ட்ராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து வீரர்களை எடுக்கும் சுற்றுகளில், மூன்றாம் சுற்றுத் தேர்வு கிடையாது. அவ்வளவுதான் தண்டனை. வெற்றிகள் அப்படியே நிற்கும், கோப்பையும் அங்கேயே இருக்கும். குழுவில் பாதிப் பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை.

விஷயம் தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களுடையது கணினியில் ஆடும் சிமுலேஷன் பேஸ்பால் லீக். எந்த வருடத்து வீரரையும் எடுக்கலாம். அந்த வருடம் அவர் நிஜத்தில் என்ன ஆடினாரோ அதுதான் அவருடைய அட்டை. பெரிய பெயர்களையெல்லாம் ஒரே அணியில் குவித்துவிடாமல் எங்களைத் தடுப்பது ட்ராஃப்ட். அற்புதமாக ஆடிய ஒரு சின்னக் காலத்தை வைத்துக்கொண்டு முழு சீசனையும் ஓட்டிவிடாமல் தடுப்பது பயன்பாட்டு வரம்பு. நிஜத்தில் ஆடிய அளவு, கூடப் பத்து சதவீதம். அதற்கு மேல் கிடையாது.

அந்த வரம்பு ஏன் வேண்டும் என்று இன்னமும் கேட்பவர்கள் ஷேன் ஸ்பென்சரின் 1998 அட்டையை எடுத்துப் பாருங்கள். நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக 67 முறை மட்டை பிடித்து 10 ஹோம் ரன். அதே வேகத்தில் 600 முறை ஆட விட்டால் 90-ஐத் தொடுவார். ஒரே சீசனில் பாரி பாண்ட்ஸ் 2001-இல் அடித்த 73-தான் இன்றைக்கும் சாதனை. ஸ்பென்சர் தன் ஏழு வருட மேஜர் லீக் வாழ்க்கை முழுவதிலும் அடித்தது 59. அந்த அட்டை பொய் சொல்லவில்லை. 67 முறை வரைக்கும் அது உண்மை. அதைத் தாண்டினால் அப்படி ஒரு வீரர் உலகத்தில் இருந்ததே இல்லை.

சரி, இப்போது சாம்பியன் அணியின் அந்த பிட்சர், ஜேக்கப் டிக்ராம், 2021. பதினைந்து ஆட்டங்களைத் தொடங்கி 92 இன்னிங்ஸ் வீசினார், ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகத் தன் பந்துவீச்சில் விட்டுக்கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) 1.08. ஜூலை 7-க்குப் பிறகு அந்த வருடம் அவர் பந்துவீசும் மேட்டில் ஏறவே இல்லை, கை ஒத்துழைக்கவில்லை. பத்து சதவீதம் சேர்த்தாலும் எங்கள் லீகில் அவருக்கு 101 இன்னிங்ஸ்தான். அதை முடித்த பிறகும் கடைசி வாரங்களில் ஐந்து ஆட்டங்களை அவரை வைத்துத் தொடங்கினார்கள். ஐந்தில் நான்கு வெற்றி. வரம்பு தாண்டினால் கணினி எச்சரிக்கை காட்டும், தடுக்காது. அந்த எச்சரிக்கை ஐந்து முறையும் திரையில் வந்திருக்கும். ஐந்து முறையும் அதை மூடிவிட்டுத்தான் ஆட வைத்திருக்கிறார்கள்.

அட்டை விளையாட்டு எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். 1961-இல் ஹால் ரிச்மன் வெளியிட்ட ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் ஒரு பகடை 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் அட்டையைப் பார்ப்போம். 4, 5, 6 விழுந்தால் பிட்சரின் அட்டை. அதாவது எதிரணியில் யார் மட்டை பிடித்தாலும் பாதித் தலைவிதி பிட்சரின் கையில். டிக்ராம் அட்டை மேட்டில் இருந்தால் எதிரணியின் ஒன்பது பேரும் பாதிப் பேராக ஆகிவிடுகிறார்கள். ஐந்து ஆட்டங்கள் அப்படிப் போயின. அதற்கு விலை ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வு. இந்த விலைக்கு ஒரு கோப்பை கிடைக்கும் என்றால் அடுத்த சீசனில் யார் வாங்காமல் இருப்பார்கள்?

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வெற்றியில் கை வைக்காத தண்டனை தண்டனையே இல்லை. இந்த சீசனில் எடுத்ததை இந்த சீசனிலேயே திருப்பித் தர வேண்டும். வரம்பு தாண்டித் தொடங்கிய ஆட்டங்களை எதிரணிக்குக் கொடுங்கள். அதுவரை வரம்பு என்று ஒன்று விதிப் புத்தகத்தில் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

“சாம்பியன் மேனேஜரின் மற்ற பிட்சர்களுக்குக் காயம், வேறு வழியில்லை” என்கிறார்கள். காயம் எல்லாருக்கும்தான் வருகிறது. அதற்காகத்தான் பட்டியலில் சுமாரான பிட்சர்களையும் வைத்துக்கொள்கிறோம். ஈஆர்ஏ ஐந்துக்கு மேல் உள்ள ஒருவரை இறக்கி, ஏழு ரன் வாங்கிக்கொண்டு, அடுத்த நாள் மறுபடி ஆடுவதும் மேனேஜர் வேலைதான். கைமாறி வந்த வீரர்களின் கணக்கில் குழப்பம் உண்டு என்று ஒருவர் சொன்னார். இருக்கலாம், ஆனால் டிக்ராம் யாரிடமிருந்தும் கைமாறி வரவில்லை.

“எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள், நிஜ பேஸ்பாலில் இப்படியா?” என்றும் ஒருவர் எழுதியிருந்தார். நிஜ பேஸ்பாலில் இதைவிடக் கடுமை. 1954-இல் டெட் வில்லியம்ஸின் பேட்டிங் சராசரி .345, அதாவது ஆயிரம் முறைக்கு 345 ஹிட். பேட்டிங் பட்டம் .341 அடித்த பாபி அவிலாவுக்குப் போனது. ஏனென்றால் பட்டத்துக்கு 400 முறை மட்டை பிடித்திருக்க வேண்டும்; வில்லியம்ஸ் 386. பந்துவீச்சாளர்கள் பயந்துபோய் அவருக்கு 136 வாக் (அடிக்க முடியாத நான்கு பந்துகளை வீசி இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்புவது) கொடுத்திருந்தார்கள், அதெல்லாம் கணக்கில் சேராது. அநியாயம்தான். அதனால் பின்னால் விதியையே பிளேட் அப்பியரன்ஸ் (வாக்கையும் சேர்த்து ஆட வந்த மொத்த முறை) கணக்குக்கு மாற்றினார்கள். ஆனால் 1954 பட்டம் அவிலாவிடம்தான் இருக்கிறது. 1996-இல் டோனி க்வின் 498 பிளேட் அப்பியரன்ஸில் நின்றார், தேவை 502. குறைந்த நான்கையும் அவுட்டாகச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள், அப்போதும் அவர்தான் முதலிடம், பட்டம் கொடுத்தார்கள். அந்தச் சலுகையும் விதியில் முன்கூட்டியே எழுதியிருந்தது. விதி தப்பு என்றால் அடுத்த சீசனுக்கு மாற்றுங்கள், நானே வாக்களிக்கிறேன். ஆடி முடித்த பிறகு ஒருவருக்காக வளைக்காதீர்கள்.

அப்புறம் அந்தக் கடைசி வாதம். “பிளே ஆஃப் போகாத கோபத்தில் எழுதுகிறார்.” ஆமாம், கோபம்தான். சாம்பியன் அணியும் என் அணியும் ஒரே பிரிவு, நான் இடத்தைத் தவறவிட்டது ஒரே ஒரு ஆட்டத்தில். அந்த ஐந்தில் ஒன்று எனக்கு எதிராக ஆடியது. பாதிக்கப்பட்டவன் பேசினால் பொறாமை, பாதிக்கப்படாதவன் பேசினால் உனக்கென்ன என்பீர்கள். அப்படியானால் யார்தான் பேசுவது?

என் பக்கம் என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். என் அணியில் இருந்தது டெட் வில்லியம்ஸ், 1953. கொரியப் போரில் விமானம் ஓட்டிவிட்டு ஆகஸ்டில் திரும்பி வந்து 37 ஆட்டங்கள்தான் ஆடினார். 91 முறை மட்டை பிடித்து .407, 13 ஹோம் ரன். வாக் வாங்கியதையும் சேர்த்தால் 110 பிளேட் அப்பியரன்ஸ், பத்து சதவீதச் சலுகையோடு 121. சீசன் முழுக்க அவரைச் சில்லறை எண்ணுவதுபோல எண்ணி எண்ணிச் செலவு செய்தேன். ஒரு ரன் பின்தங்கி, இரண்டு பேர் பேஸில் இருக்கும்போது மட்டும் இறக்குவேன். கடைசித் தொடருக்கு வரும்போது 121 தீர்ந்துவிட்டது. ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் தேவை, அவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு க்ளிக் போதும், எனக்கும் அதே எச்சரிக்கைதான் வந்திருக்கும். செய்யவில்லை. .240 அடிக்கிற ஒருவரை இறக்கித் தோற்றேன்.

அந்த 91-க்குள் ஒரு போர் இருக்கிறது. அந்த 92-க்குள் ஒரு மனிதனின் கை இருக்கிறது. நாம் இந்த விளையாட்டை ஆடுவதே நடந்த பேஸ்பாலின் மேல் உள்ள பிரியத்தால்தானே? அட்டையில் ஈஆர்ஏ மட்டும் உண்மை, இன்னிங்ஸ் வெறும் ஆலோசனை என்றால் எதை வைத்துத்தான் ஆடுகிறோம்? “வெறும் விளையாட்டுத்தானே, விடு” என்று தனிச்செய்தியில் சொன்ன நண்பருக்கும் இதுதான் என் பதில். வெறும் விளையாட்டு என்றால் ஐந்து ஆட்டங்களைத் திருப்பிக் கொடுப்பதில் அவர்களுக்கு என்ன கஷ்டம்? விடச் சொல்வது ஏன் எப்போதும் விதிப்படி ஆடியவனிடமே வருகிறது?

எனக்கு லீகை நடத்தும் கமிஷனர் மேல் மரியாதை உண்டு. சம்பளமில்லாமல் இவ்வளவு வேலை செய்கிறவர். அதனாலேயே இது அதிகமாக வலிக்கிறது. போன சீசனில் ஒரு புதிய மேனேஜர் வரம்பைச் சற்றே தாண்டியதற்கு அதே வாரம் இரண்டு வெற்றிகளை எடுத்தது இதே லீக்தான். அவர் ஒரு வார்த்தை பேசாமல் ஏற்றுக்கொண்டார், இந்த சீசனுக்கு வரவில்லை. அவருக்கு ஒரு கணக்கு, பழைய ஆளுக்கு வேறு கணக்கா? இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

வரம்பு தாண்டிய ஒவ்வொரு ஆட்டமும் எதிரணிக்கு என்ற திருத்தத்தை இன்று காலை எழுதி அனுப்பியிருக்கிறேன். அது வாக்கெடுப்புக்கு வரும்வரை என் ட்ராஃப்ட் பட்டியல் வராது.