வடகடலில் (பாக் விரிகுடாவில்) கருவி எதை எண்ணும்?

கடலுக்குள் ஒலி அனுப்பி எதிரொலியைக் கேட்டும், முட்டையை எண்ணியும், கடலில் எவ்வளவு சாளை மீன் இருக்கிறது என்று கணக்கிடலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, ஆனால் பாம்பனிலிருந்து படிக்கும் எனக்கு ஒலி வழி இடிக்கிறது. எதிரொலி பெரும்பாலும் மீனின் காற்றுப்பையில் பட்டுத்தான் திரும்பும். கருவியோ கப்பலின் அடியில், கீழே பார்த்தபடி. வடகடலில் பல இடங்களில் 10 மீட்டர் ஆழம்கூட இல்லை, பேய்ச்சாளை என்ற சாளை வகையின் கூட்டம் மேல்தண்ணீரில் வரும், கப்பல் சத்தத்துக்கு விலகியும் ஓடும், அப்புறம் கருவி எதைப் பார்க்கும்? முட்டை வழி தேவலை. அதற்கும் ஒரு பெட்டை ஒரு தடவைக்கு எத்தனை முட்டை இடும், ஓர் இரவில் நூற்றுக்கு எத்தனை பெட்டை இடுகின்றன என்று சினைப்பையை அறுத்துப் பார்த்தாக வேண்டும். நம் வெதுவெதுப்பான தண்ணீரில் சாளை முட்டை ஏறக்குறைய ஒரே நாளில் பொரித்துவிடும், அதனால் முட்டையின் வயதை அறிய, முட்டை அள்ளும் வலையை இறக்கிய மணியையும் கட்டாயம் குறிக்க வேண்டும்.