அடிதடியால் தம்பி மீள மாட்டான்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் தம்பிக்குச் சுகர்ஸ் என்ற போதைப்பொருளை விற்றவர்களைத் தேடித்தேடி அடிக்கும் அண்ணனை ஒரு கட்டுரை வீரனாக்குகிறது. அவர் கோபம் நியாயம்தான். ஆனால் 1996-ல் கேப் டவுனில் ஒரு கும்பல் தலைவனைக் கூட்டமே கூடித் தெருவில் கொன்றது, வியாபாரம் நிற்கவில்லை.

சுகர்ஸின் அடிப்படை ஹெராயின். நிறுத்தினால் ஒரு நாளுக்குள் வாந்தி, வயிற்றுப்போக்கு, உடல்வலி தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம். அறையில் பூட்டிவைத்தால் நீர்ச்சத்து வற்றியே ஆபத்தாகும். கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, 6 தேக்கரண்டி சர்க்கரை கலந்து அடிக்கடி கொடுங்கள், கிளினிக்குக்கும் கூட்டிப்போங்கள்.

பெரிய ஆபத்து அதற்கப்புறம்தான். சில நாள் விட்டவனுக்கு உடலின் தாங்குசக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். தட்டியும் எழவில்லை, உதடு நீலம் என்றால் உடனே ஆம்புலன்ஸுக்கு 10177. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள்!

சிகிச்சைக்கு மறுத்தால், 2008-ஆம் ஆண்டின் 70-ஆம் எண் போதைப்பழக்கத் தடுப்பு, சிகிச்சைச் சட்டப்படி நெருங்கிய உறவினர் அரசு வழக்கறிஞரிடம் சத்தியப்பிரமாண வாக்குமூலம் கொடுக்கலாம். மாஜிஸ்திரேட் விசாரித்து மையத்துக்கு அனுப்ப முடியும். அடிதடி வழக்கில் அண்ணன் உள்ளே போய்விட்டால் இதற்கெல்லாம் அலைய வீட்டில் யார் இருப்பார்கள்?