ஹாரி ஸ்மித்தின் கண்ணீரை விடுங்கள், கணக்கைப் பாருங்கள்

2014 செப்டம்பரில் மான்செஸ்டரில் நடந்த பிரிட்டன் தொழிற்கட்சி மாநாட்டில் 91 வயது ஹாரி லெஸ்லி ஸ்மித் பேசிய காணொளியை ஏதோ "அழவைத்த தாத்தா" மாதிரியே பகிர்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மனிதர் பேசியது, தேசிய சுகாதார சேவை என்ற அரசின் இலவச மருத்துவம் வருவதற்கு முன் பிரிட்டனில் ஏழைகள் பட்ட பாட்டைப் பற்றி.

பார்ன்ஸ்லி சுரங்கத் தொழிலாளியின் மகன் அவர். அக்கா மரியன் 1926ல் காசநோயால் இறந்தது ஏழைகள் விடுதியின் மருத்துவப் பிரிவில். புதைத்தது அநாதைக் குழியில். அன்றைய பிரிட்டனில் காப்பீடே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1911 தேசியக் காப்பீட்டுச் சட்டப்படி தொடக்கத்தில் தொழிலாளி வாரம் 4 பென்ஸ், முதலாளி 3, அரசு 2 என்று போட்டார்கள். அந்தத் தொழிலாளிக்கு மருத்துவர் உண்டு, மருந்து உண்டு, படுத்துவிட்டால் வாரம் 10 ஷில்லிங். ஆனால் எல்லாம் அவருக்கு மட்டும்தான். மனைவிக்கோ பிள்ளைக்கோ காய்ச்சல் என்றால் கைக்காசு.

1931ல் வந்த வருமானச் சோதனை இதைவிட மோசம். வேலையில்லாதோர் படி 26 வாரத்தில் தீர்ந்ததும் அதிகாரி வீட்டுக்கு வருவார். சேமிப்பு, பென்ஷன், வேலைக்குப் போகும் பிள்ளையின் கூலி எல்லாம் கணக்கில் ஏறும். மகன் சம்பாதித்தால் அப்பாவுக்குக் குறையும். முழுப்படியே வாரத்துக்கு ஆணுக்கு 15 ஷில்லிங் 3 பென்ஸ், மனைவிக்கு 8 ஷில்லிங், குழந்தைக்கு 2. படி குறையாமலிருக்க, வளர்ந்த பிள்ளைகள் வேறு முகவரிக்குக் குடிபோன வீடுகள் ஏராளம்.

காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினே 1943ல்தானே கண்டுபிடித்தார்கள், இலவச மருத்துவம் இருந்திருந்தாலும் மரியன் பிழைத்திருப்பாளா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதே உரையில் புற்றுநோயில் அலறிய பக்கத்து வீட்டுப் பெண்ணையும் அவர் சொல்கிறார். வலியைக் குறைக்கும் மார்ஃபின் அப்போதே கடையில் இருந்தது. வாங்கத்தான் வழியில்லை.

ஸ்மித் விமானப்படையில் இருந்தவர், 1953ல் கனடாவுக்குப் போனவர். போர்வீரர் பட்டத்தைக் காட்டிக் கைதட்டல் வாங்குவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவரோ 2013ல், போரில் இறந்தவர்களுக்காக நினைவு நாளில் குத்திக்கொள்ளும் பாப்பிப் பூவை இனி அணியப்போவதில்லை என்று எழுதினார். பழைய தியாகத்தைக் காட்டிப் புதுப் போர்களை நியாயப்படுத்துவது பிடிக்கவில்லை.

தேசிய சுகாதார சேவை 1948 ஜூலை 5ல் தொடங்கியது. மூன்றே ஆண்டில் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் வந்தது, அதை எதிர்த்து, அந்தச் சேவையை உருவாக்கிய அமைச்சர் அனியூரின் பெவன் பதவி விலகினார். 1952ல் மருந்துச்சீட்டுக்கு 1 ஷில்லிங். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் அந்தக் கட்டணம் இப்போது இல்லை. இங்கிலாந்தில் இன்னும் வாங்குகிறார்கள்.